பருந்துக்கு நிற்கும் வரிசை

வரிசை நகர்கிறது என்று நினைத்து அரை அடி எடுத்து வைத்தேன், நகரவில்லை, முன்னால் நிற்கும் அம்மாள் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான், அவள் முதுகில் இடித்துக்கொண்டு சாரிங்க என்கிறேன், அவள் திரும்பாமலே பரவால்லம்மா என்கிறாள், அவள் ரவிக்கையின் பின்பக்கம் வியர்வையில் இந்தியா படம் மாதிரி நனைந்திருக்கிறது, இலங்கைகூடத் தனியாகத் தெரிகிறது, என் முதுகிலும் ஏதாவது ஒரு நாடு இருக்கும், பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனு பக்கத்தில் கம்பியில் சாய்ந்து போன் பார்க்கிறாள். தன்ஷிகா, பதின்மூன்று வயது, என் மகள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் என் மகள், மற்ற நேரமெல்லாம் செங்கல்பட்டில் அவள் அப்பாவின் மகள், குடும்ப கோர்ட்டில் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது, ஐந்துக்கு அவளை வீட்டு வாசலில் விட வேண்டும், விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து தாம்பரம் ரயிலைப் பிடிக்க வேண்டும், நாலு வருஷமாக இதே. இன்றைக்கு ஐந்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று தெரியவில்லை. இந்த வரிசை இரும்புக் குழாய்களுக்கு நடுவே பாம்பு மாதிரி மடிந்து மடிந்து போகிறது, ஒரு மடிப்பு முடிந்ததும் அதே முகங்கள் எதிர்ப்பக்கம் வருகின்றன, குழந்தையைத் தோளில் வைத்த அந்த ஆளை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இப்போது சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். தலைக்கு மேலே தகரக் கூரை, அதற்கும் மேலே எங்கோ அந்த வண்டி ஓடுகிறது, ஒவ்வொரு தடவை ஓடும்போதும் குழாய்கள் கைக்குள் நடுங்குகின்றன, பிறகு மொத்தமாக ஒரு அலறல், பிறகு ஒன்றுமில்லை. தனுவிடம் பசிக்குதாடி என்று கேட்கிறேன், அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இல்லம்மா என்கிறாள். காலையிலிருந்து நாங்கள் பேசியது மொத்தம் இந்த அளவுதான் இருக்கும், பசிக்குதா, இல்ல, பாத்ரூம் போணுமா, வேணாம், தண்ணி, இருக்கு.

பருந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இந்தத் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டருக்கு. இந்த வண்டிக்கு எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று நினைத்தால் இன்றைக்கு நிற்கிற நேரம் ஒன்றுமே இல்லை. தனுவுக்கு ஒன்பது வயது முடிந்த சமயம், கோர்ட்டு சொல்லி நான் அவளை வெளியே கூட்டிப்போன முதலோ இரண்டாவதோ ஞாயிற்றுக்கிழமை, என்ன பேசுவது என்று தெரியாமல் பஸ் ஜன்னலோரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், டோல்கேட் பக்கம் ஒரு பெரிய போர்டு, நகத்தை விரித்துக்கொண்டு கீழே பாயும் பருந்து, அதன் முதுகில் கத்திக்கொண்டு கூட்டமாக ஆட்கள், வரும் பொங்கல் முதல் என்று எழுதியிருந்தது. அவள் அன்றைக்கு வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான், அம்மா இதுல போலாமா, அப்பா வரமாட்டாரு, அப்பாவுக்கு மாடிப்படில நின்னாலே தலை சுத்தும், நீ வரியா. வரேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும், நிலாவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாலும் வரேன் என்றுதான் சொல்லியிருப்பேன். பொங்கல் வந்தது, போர்டில் பொங்கலின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிச் சித்திரை என்று எழுதினார்கள். சித்திரை வந்தது, தீபாவளி என்றார்கள். பெரிய மழையில் அஸ்திவாரக் குழியெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டது என்று பஸ்ஸில் ஒருத்தர் சொன்னார், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான் துறைமுகத்தில் கிடக்கிறது என்று இன்னொருத்தர், அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை என்று வேறொருத்தர். கடைசியில் தேதியெல்லாம் கிழித்துவிட்டு விரைவில் என்று மட்டும் போட்டார்கள், அந்த விரைவில் வெயிலில் வெளுத்து பருந்தே ஒரு கிழட்டுக் கோழி மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை நானும் தனுவும் சும்மா பார்ப்பதற்கென்றே வந்தோம். தகர வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம், நீலத் தூண்கள், அவற்றின் மேல் ஏறிப் போகும் பாதை, பாதி வானத்தில் நின்றுவிட்டது, அந்த முனையில் கட்டிய ஒரு துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இப்ப ஏறினா நேரா கீழதான் என்று தனு சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அங்கேயே ஒரு தள்ளுவண்டியில் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம், எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல ஞாயிற்றுக்கிழமை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தடவை தேதி தள்ளிப்போகும்போதும் தனு உதட்டைப் பிதுக்குவாள், நான் அடப்பாவிகளா என்பேன், ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறுக்கம் விட்டு உட்காரும். அது திறக்காத வரைக்கும் அவள் என்னோடு போக வேண்டிய இடம் என்று ஒன்று மிச்சமிருந்தது. இப்போது திறந்துவிட்டார்கள், கோடை லீவு, தமிழ்நாடே வந்து நிற்கிறது.

மறுபடியும் குழாய் நடுங்குகிறது. அலறல். இந்த அலறலைக் கேட்கக் கேட்க அதற்குள் பிரித்துப் பார்க்க முடிகிறது, வேண்டுமென்றே கத்துகிற பையன்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் விட்டுவிடுகிறவர்கள், ஒரே ஒரு பெண்குரல் மட்டும் தெய்வத்தின் பெயரைச் சொல்லி. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன், காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பது என் வேலை, பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்கள் பயத்தை. மீசை முறுக்கின ஆள் கையை நீட்டிவிட்டுக் காலண்டரைப் பார்ப்பார், சின்னப் பெண்கள் ஊசியையே முறைத்துப் பார்ப்பார்கள், நான் எல்லாரிடமும் ஒரே குரலில், அந்தப் பக்கம் பாருங்க, முடிஞ்சிடுச்சு, பஞ்சைப் பிடிச்சுக்கோங்க. எனக்குப் பயம் வந்தால் என்ன செய்வேன் என்று யாரும் கேட்டதில்லை, ஒன்றும் செய்யமாட்டேன், நின்றுகொண்டிருப்பேன். கோர்ட்டிலும் அப்படித்தான் நின்றேன். அது கோர்ட்டு மாதிரியே இல்லை, ஒரு சின்ன அறை, மூலையில் சக்கரம் போன பொம்மைக் கார், சுவரில் முயல் படம், ஜட்ஜம்மா நல்ல மாதிரி, தனுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பாப்பா, உனக்கு யார்கூட இருக்கணும்னு தோணுது, பயப்படாம சொல்லு என்றார். அப்பா கூட. உடனே சொன்னாள். அந்த உடனேதான். யோசித்துச் சொல்லியிருக்கலாம், என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அப்பா கூட என்று சொல்லிவிட்டு முயல் படத்தைப் பார்த்தாள். தனுவின் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் பெரிய கதை ஒன்றும் கிடையாது, அடியோ குடியோ இல்லை, ராஜகணபதி என்று பெயர், கூட்டுறவு வங்கியில் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் சத்தம், சத்தம் முடிந்தால் நாள் கணக்கில் பேசாமல் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது, நான் போய்க் கெஞ்ச வேண்டும், கெஞ்சினால் எழுந்து சாப்பிடுவார், அடுத்த சத்தம். ஒரு நாள் கெஞ்சத் தோன்றவில்லை. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண், என் மடியில் முகத்தைப் புதைத்துக் காதைப் பொத்திக்கொண்ட பெண், எப்படி உடனே அப்பா கூட என்று சொன்னாள். சோறு சரியில்லையா, என் வேலை நேரமா, காலையில் அவளைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டு ஓடியதா, நான் அதிகம் கொஞ்சவில்லையா, கொஞ்சினேனே. நாலு வருஷமாகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று கேட்கவில்லை.

முன்னால் நிற்கும் அம்மாள் இப்போது திரும்பிவிட்டாள், பண்ருட்டியாம், பேரன் பேத்தி மருமகள் எல்லாம் தண்ணீர்ப் பக்கம் ஆடப் போயிருக்கிறார்கள், இடம் பிடித்து வைக்க இவளை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், பையிலிருந்து முந்திரி எடுத்து நீட்டுகிறாள், எடுத்துக்கம்மா, வீட்டுது. ஒரே பொண்ணா என்கிறாள். ஆமாங்க. அவுங்கப்பா வரலியா. வேலை இருக்குங்க என்கிறேன், தனு போனிலிருந்து கண்ணைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள், மறுபடி குனிந்துகொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வங்கியில் என்ன வேலை. அவர் இப்போது வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருப்பார், ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது, தனுவையும் ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார், வாரா வாரம் முடியாது, மாசத்துக்கு ஒரு தடவை வெச்சுக்கலாம் என்று வக்கீல் மூலமாகச் சொன்னார், நானும் சரி என்றுவிட்டேன், ஓசூரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்ப முடியுமா, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எனக்கு எப்போதுமே எதிராளியின் நியாயம் உடனே தெரிந்துவிடுகிறது, அதுவே ஒரு வியாதி. மாசத்துக்கு ஒரு தடவை. பிறகு பத்தாவது, ஸ்பெஷல் கிளாஸ், பிறகு பரீட்சை, பிறகு அவளுக்கே வேறு வேலை இருக்கும். ஒரு கும்பல் குழாய்க்கு அடியில் குனிந்து குனிந்து முன்னால் வருகிறது, காலேஜ் பையன்கள், ஈர டவுசரோடு, குளோரின் வாசனை, யாரோ கத்துகிறார்கள், டேய் நாங்கல்லாம் என்ன மடப்பயலுங்களா. மேடைப்பக்கம் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் மைக்கில், சார், பைப்பைத் தாண்டாதீங்க சார், ப்ளீஸ் சார், என்று தொண்டை கட்டின குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், யாரும் கேட்கவில்லை, பையன்களில் ஒருவன் அவளைப் போலப் பேசிக் காட்டுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், தனுவும் சிரிக்கிறாள், அவள் சிரிக்கும்போது முன்பல் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருப்பது தெரிகிறது, அது என் பல், அதைக் கம்பி போட்டு நேராக்க வேண்டும் என்று போன மாசம் அவர் சொல்லியனுப்பினார், நேராகிவிடும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் நிற்கிறது. வண்டி மேலே ஏறும்போது சங்கிலி கடகடவென்று இழுக்கும், அது எங்கள் காதில் இவ்வளவு நேரம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது, நின்ற பிறகுதான் தெரிகிறது. கூரை முடிகிற இடத்தில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்து, நின்னுடுச்சு, ஏத்தத்துலயே நின்னுடுச்சு என்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் தெரிகிறது, வானத்தில் சாய்ந்து நிற்கும் வண்டி, அதில் வரிசையாகத் தலைகள், யாரோ கையாட்டுகிறார்கள், விளையாட்டுக்கா உதவிக்கா தெரியவில்லை. மைக் பெண், சின்ன டெக்னிக்கல் பிராப்ளம், யாரும் பயப்பட வேண்டாம், என்கிறாள், அவள் பயப்பட வேண்டாம் என்றதும் எல்லாருக்கும் பயம் வருகிறது. யாரோ சொல்கிறார்கள், இன்னிக்கு அவ்ளோதான், மூடிடுவாங்க. இன்னொருவர், இல்ல இல்ல, முன்னாடி இருக்கறவங்களை மட்டும் ஏத்திட்டு மூடுவாங்களாம். இந்த மட்டும் என்ற வார்த்தை வரிசையில் பின்பக்கமாக ஓடுவதை நான் பார்க்கிறேன், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு, கடைசி வரைக்கும் போய் முட்டி அங்கிருந்து உடம்புகளாகத் திரும்பி வருகிறது. முதலில் முதுகில் ஒரு கை. பிறகு ஒரு தோள். பிறகு எது கை எது தோள் என்று தெரியவில்லை, குழாய் என் அடிவயிற்றில் அழுந்துகிறது, முந்திரிப் பை கீழே விழுந்து காலடியில் நொறுங்குகிறது, பண்ருட்டியம்மாள் ஐயோ ஐயோ என்கிறாள், தனுவின் கையைப் பிடித்திருக்கிறேன், மணிக்கட்டில், நாடி பார்க்கிற இடத்தில், அது துடிப்பது எனக்குத் தெரிகிறது, வியர்வை, வழுக்குகிறது, விரல்கள் மட்டும், ஒரு விரல், இல்லை. தனு. தனூ. அவளுடைய பச்சை டீசர்ட் முன்னால் போகிறது, அவள் நடக்கவில்லை, கூட்டம் கொண்டுபோகிறது, ஒரு தடவை முகம் திரும்பியது, வாய் அம்மா என்று அசைந்தது, பிறகு ஒரு தொப்பி, ஒரு பை, யாரோ ஒருவருடைய கழுத்து. கைப்பைக்குள் போன் அடிக்கிறது. அவராகத்தான் இருக்கும், ஐந்தாகியிருக்கும், எடுத்தால் என்ன சொல்வது, உங்க பொண்ணை விட்டுட்டேன் என்றா, உங்க பொண்ணு என்று ஏன் வருகிறது வாயில், மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை, நெஞ்சு பாதிதான் விரிகிறது, இப்படித்தான் செத்துப்போவார்கள் போலிருக்கிறது, பெரிதாக ஒன்றும் நடக்காமல், நின்றபடி. குழந்தையைத் தோளில் வைத்த ஆள் எதிர்மடிப்பிலிருந்து கத்துகிறார், தள்ளாதீங்கய்யா, முன்னாடி பொம்பளைங்க புள்ளைங்க இருக்கு, தள்ளாதீங்க. நானும் கத்த நினைக்கிறேன். வாயைத் திறக்கிறேன். காற்றுதான் வருகிறது.

குனிந்தேன். அது மட்டும்தான் தோன்றியது, காலேஜ் பையன்கள் செய்ததையே செய்தேன், குழாய்க்கு அடியில் கால்களுக்கு நடுவே இடம் இருந்தது, செருப்புகள், ஈரம், பாப்கார்ன், கையை யாரோ மிதித்தார்கள், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, புடவை எங்கோ மாட்டிக் கிழிந்தது, எழுந்தபோது அவள் இருந்தாள். கம்பி வளைகிற மூலையில், மேல் குழாயின் மேலேயே ஏறி உட்கார்ந்து தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள், ஈர டவுசர்ப் பையன்கள் இரண்டு பேர் அவளுக்கு முன்னால் கையைக் கோத்துத் தடுத்துக்கொண்டு நின்றார்கள், ஆன்ட்டி வந்துட்டாங்க பாரு, அழாத பாப்பா என்று ஒருவன் சொன்னான், அவள், நான் ஒண்ணும் அழல என்றாள், கன்னமெல்லாம் ஈரம். நானும் அந்தக் குழாயில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், நாற்பது வயசுக்கு மேல் புடவையோடு குழாயில். பார்க் ஆட்கள் வந்து பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள் போல, நெரிசல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஜனங்கள் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள், பண்ருட்டியம்மாள்கூட யாரையோ பிடித்துக்கொண்டு போவது தெரிந்தது, நல்லவேளை. போயிடலாமாடி என்றேன். வேணாம்மா, இவ்ளோ தூரம் வந்துட்டோம். அப்பா போன் பண்ணிட்டாருடி, அஞ்சு தாண்டிடுச்சு, கத்துவாரு. தனு தூணைக் கையால் தேய்த்துக்கொண்டே, கத்தமாட்டாரும்மா, பயந்துக்குவாரு, என்றாள், நான் கொஞ்ச நேரம் வீட்ல இல்லேன்னா டிவியைக்கூடப் போடமாட்டாரு, அப்படியே உக்காந்திருப்பாரு. பிறகு சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரி, அதனாலதாம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னேன். என்னிக்கு என்றேன், தெரிந்துகொண்டே. அந்த ஜட்ஜ் ஆன்ட்டி கேட்டாங்கல்ல, அன்னிக்கு. அப்பாவுக்குத் தனியா இருக்கத் தெரியாதும்மா. உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அந்த முயல் படத்துக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள், எது முறிந்துவிடும் எது தாங்கும் என்று பார்த்து முறிகிறதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள், நான் நாலு வருஷமாகச் சோறா கொஞ்சலா என்று தேடிக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டுமா. பட்டேன், ஒரு நொடி, நெஞ்சுக்குள் ஏதோ சூடாக இறங்கியது, என்னைப் பிடிக்காமல் இல்லை. அடுத்த நொடியே அதே இடம் குளிர்ந்தது. எனக்குத் தெரியும் என்று இவளுக்கு யார் சொன்னது. நான்தான் சொல்லியிருக்கிறேன், சொல்லாமல் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்ததில், அம்மா நல்லா இருக்கேன்டி என்று போனில் தினமும் ஒரே குரலில் சொன்னதில், அந்தப் பக்கம் பாருங்க, முடிஞ்சிடுச்சு. சேலையூரில் நான் தனியாக இருக்கும் வீட்டில் ராத்திரி இரண்டு தோசை வார்த்து ஒன்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது இவளுக்குத் தெரியுமா, காற்றாடி சத்தம் போட்டாலும் ரிப்பேர் செய்யாமல் வைத்திருக்கிறேன், ஏதோ ஒன்று பேசட்டும் என்று. ஏதாவது சொல்ல வேண்டும், அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், கோவமாம்மா என்கிறாள், இல்லடி கண்ணு என்கிறேன். அந்த நேரம் பார்த்துச் சங்கிலி மறுபடி கடகடவென்கிறது, மேலே நின்ற வண்டி ஏறி முடித்துக் கீழே பாய்கிறது, இருக்கிற கொஞ்சம் பேரும் கை தட்டுகிறார்கள், மஞ்சள் சட்டைப் பெண் மைக்கில், வெயிட் பண்ணவங்களுக்குத் தேங்க்ஸ், வரிசையா வாங்க, என்கிறாள். பிறகு காலி வண்டியை இரண்டு மூன்று தடவை சுற்றவிட்டுப் பார்த்தார்கள், ஆளில்லாத வண்டி தலைக்கு மேல் சத்தமில்லாமல், அதாவது அலறல் இல்லாமல், போய் வந்தது. தனு குழாயிலிருந்து குதிக்கிறாள். நானும் இறங்குகிறேன்.

மடிப்புகளெல்லாம் காலியாகிவிட்டன, நடந்துகொண்டே இருக்கிறோம், இவ்வளவு நேரம் நின்ற தூரம் இவ்வளவுதானா என்றிருக்கிறது. படி ஏறியதும் மேடை, காற்று வருகிறது, மேற்கே வெயில் இறங்கிப் பழுத்திருக்கிறது, கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள். பருந்து வந்து நிற்கிறது, ஆட்கள் தலைமுடி கலைந்து சிரித்துக்கொண்டும் வாயைப் பொத்திக்கொண்டும் இறங்குகிறார்கள், எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏறி உட்கார்கிறார்கள், எங்களுக்கு நேர் முன்னால் கதவு மூடுகிறது. மஞ்சள் சட்டைப் பெண் வண்டி நீளத்துக்கும் நடந்து பார்த்துவிட்டு எங்களிடம் வருகிறாள், கிட்டத்தில் பார்த்தால் தனுவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், உதடு வறண்டிருக்கிறது, ஒரு சீட் இருக்கு மேடம், சிங்கிள், பாப்பா மட்டும் போறாங்களா, அடுத்தது எப்ப விடுவாங்கன்னு எனக்குத் தெரியல. தனு என்னைப் பார்க்கிறாள். போன் மறுபடி அடிக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நேரமாகிவிட்டது, அவள் போய்விட்டு வரட்டும், நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கலாம், கையாட்டலாம், ஆட்டோ பிடித்தால் ஆறரைக்குள் வாசலில் விட்டுவிடலாம், அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் ஆசை தீர்ந்தது, எதிராளியின் நியாயம் வரிசையாக வந்து நிற்கிறது, நீ போயிட்டு வாடி என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, தனுவும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள், பையைக் கழற்றி என்னிடம் நீட்டக்கூடச் செய்கிறாள். வேணாம் என்கிறேன். என்னம்மா. வேணாம், ரெண்டு பேரும் சேர்ந்து போவோம், அடுத்ததுல. லேட்டாகும்மா, நீ நில்லு, நான் டக்குனு. எனக்கும் தெரியாதுடி என்கிறேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது, மஞ்சள் சட்டைப் பெண் ஒரு எட்டுப் பின்னால் போகிறாள். என்ன தெரியாது. தனியா இருக்க. எனக்கும் தெரியாது தனு. பழகிட்டேன், அவ்வளவுதான். பழகறது வேற.

பின்னாலிருந்து ஒரு ஆள், நான் போறேன், நான் போறேன் என்று ஓடி வந்து அந்தச் சீட்டில் உட்கார்கிறார், வண்டி கிளம்பிப் போகிறது. தனு நீட்டின பையை நீட்டினபடியே வைத்திருக்கிறாள். அழுவாளோ என்று நினைத்தேன், அழவில்லை, புதுசாக யாரையோ பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள், என் புடவைக் கிழிசலைப் பார்த்தாள், மிதிபட்ட கையைப் பார்த்தாள். பிறகு என் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அப்பா, நான்தான். இல்ல, ஒண்ணும் ஆகல. லேட்டாகும், இன்னும் ஏறலை. இல்லப்பா, அம்மா சொல்லச் சொல்லல, நானேதான் சொல்றேன். நீங்க டிவி போட்டுப் பாருங்க. குழம்பு பிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க, அடுப்பை அணைச்சிடுங்க. அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். தனு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்பா, ஓசூர் போனப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் அம்மாகிட்ட வந்துடறேன், பஸ் ஏத்திவிட்டா போதும், ராத்திரி அங்கேயே தங்கிப்பேன், அப்புறம் பேசலாம், வெக்கிறேன், என்றாள். வைத்துவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம், அதற்கு வக்கீல் இருக்கிறார், நானும் இருக்கிறேன், இந்தத் தடவை அவர் நியாயம் எனக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

வண்டி வந்தது. கதவு திறந்தது. முதல் வரிசை எங்களுக்கு. செருப்பையும் பைகளையும் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தோம், மஞ்சள் சட்டைப் பெண் புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகச் சொன்னாள், மேலிருந்து ஒரு கனத்த கம்பி இறங்கி நெஞ்சோடு பூட்டியது, அதை இழுத்துப் பார்த்தாள், தனுவுடையதையும் இழுத்துப் பார்த்தாள், கட்டை விரலை உயர்த்தினாள். எதிரே நீலப் பாதை நேராகப் போய் வளைந்து வானத்தில் ஏறுகிறது. அந்தப் பக்கம் பாருங்க என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை, சொன்னாலும் எந்தப் பக்கம் பார்ப்பது, எல்லாப் பக்கமும் அதுதான். தனுவின் கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது, குளிர்ந்திருந்தது. பயமா இருக்காம்மா என்றாள். ரொம்ப என்றேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஊர்ந்தது. நான் கத்த ஆரம்பித்தேன், வயிற்றிலிருந்து, இத்தனை வருஷமாக இப்படி ஒரு சத்தம் எனக்குள் இருப்பதே தெரியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன், மேடையில் நிற்கிறவர்களெல்லாம் சிரிப்பது கேட்டது, பக்கத்தில் தனு மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு என் கையைப் போட்டு உலுக்கினாள்.

"அம்மா, கண்ணைத் திற, இன்னும் ஏறவே இல்லம்மா!"